கடற்போர் விளையாட்டை ஆக்டேவில் பத்தாயிரம் முறை ஆடுவது எப்படி

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகன் மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தான். பதினொரு வயது. மதிய வெயிலில் வெளியே விட முடியாது. கைப்பேசியைக் கொடுக்கவும் மனமில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு கடற்போர் ஆடினோம். அவரவர் கட்டத்தில் கப்பல்களை மறைத்து வைத்து, எதிராளியின் கப்பல் எங்கே என்று ஊகித்துக் கட்டம் கட்டமாகச் சுடும் ஆட்டம். எல்லாவற்றையும் முதலில் முழுகடிப்பவர் வென்றார். பெட்டியில் விற்கும் ஆட்டத்தில் ஓரமாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். நாங்கள் அ முதல் ஒ வரை உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டோம். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து. குறுக்கே 1 முதல் 10. "ஊ ஏழு" என்பான். என் கப்பல் அங்கே இல்லையென்றால் "தண்ணீர்" என்பேன். இருந்தால் "பட்டது". ஒரு கப்பலின் எல்லாக் கட்டமும் அடிபட்டுவிட்டால் "முழுகியது" என்று கப்பலின் பெயரோடு சொல்ல வேண்டும்.

பதினான்கு ஆட்டம் ஆடினோம். ஒன்பதில் அவன் வென்றான். "சித்தி, நீங்கள் கணக்கு டீச்சர்தானே?" என்று கேட்டான். பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறவளிடம் கேட்கக் கூடாத கேள்வி. இருவரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பதினான்கில் ஒன்பதோ அதற்கு மேலோ அவன் வெல்வதற்கு 21 சதவீத வாய்ப்பு உண்டு. அவன் கெட்டிக்காரனா, எனக்கு நேரம் சரியில்லையா என்பதைப் பதினான்கு ஆட்டம் சொல்லாது. பத்தாயிரம் ஆட்டம் வேண்டும். அன்றிரவு மடிக்கணினியில், கணக்குப் போடும் மென்பொருளான ஆக்டேவைத் திறந்தேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஆக்டேவ் இலவசம். ஏறக்குறைய இதே மொழியில் இயங்கும் மாட்லாப் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே ஓடும். (ஆக்டேவ் என்ற பெயருக்கும் சங்கீதத்துக்கும் தொடர்பில்லை. அதை எழுதத் தொடங்கிய ஜான் ஈட்டனுக்குப் பாடம் நடத்திய வேதிப் பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது. கடித உறையின் முதுகில் நாலு வரி போட்டு விடையைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவதில் அவர் பேர் போனவர். இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமான ஆள்.)

இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயர்களும் அப்படியே. தமிழ் எழுத்தை மாறியின் பெயராக ஆக்டேவ் ஏற்காது. இன்னொன்று, பாடநூல் வழக்கப்படி கிடைவரிசையை நிரை என்றும் செங்குத்து வரிசையை நிரல் என்றும் சொல்கிறேன். கணினிக்காரர்கள் புரோகிராமையும் நிரல் என்பார்கள். குழப்பம் வேண்டாம், அதைப் புரோகிராம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கப்பல்களை வைப்பது

மில்டன் பிராட்லி நிறுவனம் 1967-ல் பிளாஸ்டிக் பெட்டியாகக் கொண்டுவந்த ஆட்டத்தின் விதியையே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பல ஆண்டு முன்பே காகிதத்திலும் பென்சிலிலும் ஆடப்பட்டது இது. பத்துக்குப் பத்துக் கட்டம். ஐந்து கப்பல்: விமானந்தாங்கி 5 கட்டம், போர்க்கப்பல் 4, குரூசர் 3, நீர்மூழ்கி 3, கடைசியாக ஒரு சின்னப் படகு 2. மொத்தம் 17 கட்டம். கிடையாகவோ நெடுக்காகவோ வைக்கலாம், மூலைவாட்டில் கூடாது. ஒன்றையொன்று ஒட்டி நிற்கலாம், ஏறி நிற்கக் கூடாது. ரஷ்யாவில் ஆடும் விதத்தில் நாலு கட்டக் கப்பல் ஒன்று, மூன்று கட்டம் இரண்டு, இரண்டு கட்டம் மூன்று, ஒற்றைக் கட்டம் நாலு என்று 20 கட்டம் வரும். அங்கே கப்பல்கள் ஒட்டவும் கூடாது. அது வேறு கணக்கு.

கடல் என்பது ஓர் அணி, அதாவது நிரை நிரலாக அடுக்கிய எண்களின் அட்டவணை, அவ்வளவுதான்:

கடல் = ஜீரோஸ்(10, 10)

கப்பல் இருக்கும் கட்டத்தில் 1, இல்லாத இடத்தில் 0. இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். ஆக்டேவ் ஓர் அணியின் கட்டங்களை நிரல் நிரலாக மேலிருந்து கீழே எண்ணுகிறது. முதல் நிரலில் 1 முதல் 10, இரண்டாவதில் 11 முதல் 20, இப்படி 100 வரை. ஆகவே விமானந்தாங்கியை நெடுக்காக வைக்க, ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அதிலிருந்து அடுத்தடுத்து ஐந்து எண்களை எடுத்தால் போதுமே என்று நினைத்தேன். குலுக்கலில் 29 வந்தது. 29, 30, 31, 32, 33. படமாகப் போட்டுப் பார்த்தபோது மூன்றாவது நிரலின் அடியில் இரண்டு கட்டமும் நாலாவது நிரலின் உச்சியில் மூன்று கட்டமுமாக என் கப்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது. கடலின் அடிவழியாகப் புகுந்து மேல்வழியாக வெளியே வந்த கப்பல்.

எனவே எண்ணைக் குலுக்காதீர்கள். நிரையையும் நிரலையும் தனித்தனியாகக் குலுக்குங்கள். 1 முதல் நாம் சொல்லும் எண் வரை ஒன்றைக் குலுக்கித் தருவது ராண்டி. முதலில் ராண்டி(2) கொண்டு திசையை முடிவு செய்யுங்கள். நெடுக்கு என்றால் தொடக்க நிரை ராண்டி(11 - நீளம்), நிரல் ராண்டி(10). கிடை என்றால் மாற்றிப் போடுங்கள். விமானந்தாங்கிக்கு 11 கழித்தல் 5, ஆக ஆறு தொடக்க இடம். பத்து வரிசை, இரண்டு திசை, மொத்தம் 120 வழி. போர்க்கப்பலுக்கு 140, மூன்று கட்டக் கப்பல்களுக்குத் தலா 160, படகுக்கு 180.

அடுத்தது, கப்பல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வது. பெரும்பாலானோர் எழுதுவது இப்படி: விமானந்தாங்கியை வை, பிறகு போர்க்கப்பலைக் குலுக்கு, மோதினால் போர்க்கப்பலை மட்டும் மறுபடி குலுக்கு, அடுத்ததற்குப் போ. நானும் அப்படித்தான் எழுதினேன். ஓடும். பார்க்கச் சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லா அமைப்புகளுக்கும் சம வாய்ப்புக் கிடைக்காது.

நம்ப மறுப்பவர்கள் ஆறு கட்டம் கொண்ட ஒற்றைப் பட்டையை வரைந்துகொள்ளுங்கள். அதில் மூன்று கட்டக் கப்பல் ஒன்று, இரண்டு கட்டப் படகு ஒன்று. பெரியதை முதல் கட்டத்தில் தொடங்கினால் படகுக்கு இரண்டு இடம் மிஞ்சும். இரண்டாம் கட்டத்தில் தொடங்கினால் ஒரே இடம். மூன்றிலும் ஒரே இடம். நான்கில் தொடங்கினால் மறுபடி இரண்டு. ஆக மொத்தம் ஆறு அமைப்பு. நியாயமாக ஒவ்வொன்றும் ஆறில் ஒரு முறை வர வேண்டும். பெரியதை முதலில் வைத்துவிட்டுப் படகை மட்டும் மறுபடி மறுபடி குலுக்கினால் என்ன ஆகிறது? பெரியது நாலு இடத்திலும் சமமாக, நாலில் ஒரு முறை வரும். நடுவில் நிற்கும் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒன்று. ஓரத்தில் நிற்பவற்றுக்கு எட்டில் ஒன்று. நடுவுக்கு இரட்டிப்புச் சலுகை.

பத்துக்குப் பத்தில் சாய்வு இவ்வளவு பெரிதல்ல. ஆனால் இருக்கிறது. விமானந்தாங்கி மேல் மூலையில் கிடையாகப் படுத்திருந்தால் போர்க்கப்பலுக்கு 140-ல் 130 வழி மிஞ்சுகிறது. அதே விமானந்தாங்கி ஐந்தாம் நிரையில் 4 முதல் 8 வரை நின்றால் 113 தான். அந்த 130-க்கும் 113-க்கும் ஒரே எடை கொடுப்பது தவறு.

தீர்வு முரட்டுத்தனமானது, எளிமையானது. ஐந்து கப்பலையும் ஒன்றையொன்று பாராமல் குலுக்கி, ஐந்து அணிகளையும் கூட்டுங்கள். கூட்டலில் எங்காவது 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். மோதிய கப்பலை மட்டும் அல்ல, ஐந்தையும். மோதலைப் பாராமல் கணக்கிட்டால் 7,741 கோடிச் சொச்சம் அமைப்பு. மோதாதவை ஏறக்குறைய 3,009 கோடி. அதாவது நூறு குலுக்கலில் 39 தேறும். சராசரியாக இரண்டரைத் தடவை குலுக்கினால் ஒரு நல்ல கடல். கணினிக்கு இது ஒரு வேலையே அல்ல.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு சுடுங்கள்

கப்பல் வைத்தாயிற்று. உடனே கெட்டிக்காரச் சுடுநர் ஒருவரை எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் படு முட்டாளான சுடுநர் ஒருவரை எழுதுங்கள்: நூறு கட்டத்தையும் கலைத்துப் போட்டு வரிசையாகச் சுடுகிறவர். இவருக்கு ஆக்டேவில் இரண்டே வரி:

வரிசை = ராண்ட்பெர்ம்(100)
அடி = மேக்ஸ்(ஃபைண்ட்(கடல்(வரிசை)))

முதல் வரி 1 முதல் 100 வரை கலைத்துத் தருகிறது. இரண்டாவது, அந்த வரிசையில் கப்பல் பட்ட இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, அவற்றில் கடைசியானதை எடுக்கிறது. பதினேழாவது கட்டம் எப்போது விழுந்ததோ அப்போது ஆட்டம் முடிந்தது.

இந்த முட்டாள் ஏன் வேண்டும் என்றால், இவருடைய சராசரி நமக்கு முன்கூட்டியே தெரியும். நூறில் பதினேழு கட்டம் சிதறிக் கிடக்கும்போது கடைசியானது வரும் இடத்தின் சராசரி, 17-ஐ 101-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தது. 95.39. கப்பலின் வடிவம் இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நூறாவது அடி வரை இழுத்துக்கொண்டு போவதற்கான வாய்ப்பு சரியாக 17 சதவீதம். நடுநிலை எண் 97, அதாவது பாதி ஆட்டமாவது அதற்குள் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கும் இன்னோர் ஆட்டத்துக்கும் உள்ள சிதறலின் அளவு, அதாவது திட்ட விலக்கம், 4.8. பத்தாயிரம் ஆட்டத்தின் சராசரியில் அது நூறில் ஒரு பங்காகச் சுருங்கும், ஆகவே அந்தச் சராசரி பெரும்பாலும் 95.3-க்கும் 95.5-க்கும் இடையில் வர வேண்டும்.

எனக்கு வரவில்லை. 95.0-ஐ ஒட்டியே நின்றது. வித்தியாசம் அரைக்கும் குறைவு. கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. மாணவர்கள் இப்படி ஒரு விடையைக் கொண்டுவந்து "ஏறக்குறைய வந்துவிட்டது, மேடம்" என்றால் நான் விடமாட்டேன் என்பது நினைவுக்கு வந்து, இரவு பதினொன்றரைக்கு மறுபடி உட்கார்ந்தேன். மோதல் சோதனையில், கூட்டல் 2-ஐவிடப் பெரிதா என்று கேட்டிருந்தேன். 1-ஐவிடப் பெரிதா என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று கப்பல் ஒரே கட்டத்தில் ஏறினால் மட்டும்தான் என் புரோகிராம் விழித்துக்கொண்டது. இரண்டு ஏறினால் தூங்கிவிட்டது. அதனால் பல ஆட்டங்களில் 17-க்குப் பதில் 16 கட்டமோ 15 கட்டமோதான் இருந்தது. 16 கட்டத்துக்கு அதே சூத்திரம் 95.06 என்கிறது, 15-க்கு 94.69. நான் கண்ட 95.0 எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. துண்டான கப்பலை இது பிடிக்காது. துண்டானாலும் கட்டம் பதினேழுதானே. அதற்கு வேறு சோதனை: பத்தாயிரம் கடலையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டி, இமேஜ்எஸ்சி கட்டளையால் படமாகப் போடுங்கள். நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே நிறத்தில், எண்ணிக்கை குறைந்து இருக்க வேண்டும். நடு அடர்ந்திருக்க வேண்டும். படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே படம் வர வேண்டும். நான் முதலில் எழுதியதுபோல் நெடுக்குக் கப்பல்கள் மட்டும் கீழே புகுந்து மேலே வந்தால், அடி ஓரமும் மேல் ஓரமும் இடது வலது ஓரங்களைவிட அடர்ந்து தெரியும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

குலுக்கலைத் திரும்பவும் அதேபோல் நடத்த வேண்டுமானால் தொடக்கத்தில் ராண்ட் கட்டளைக்கு 'ஸ்டேட்' என்ற சொல்லையும் ஏதாவது ஓர் எண்ணையும் கொடுங்கள். பழைய பழக்கத்தில் 'சீட்' என்று கொடுத்தால் ஆக்டேவ் சத்தமில்லாமல் பழைய குலுக்கல் முறைக்குத் தாவிவிடும்.

தேடு, பிடி

இனி மனிதர்கள் ஆடுகிற மாதிரி. பட்டது என்று கேட்கும்வரை எங்கேயாவது சுடு. பட்டதும் நாலு பக்கத்துக் கட்டங்களைச் சுடு. என் ஆட்டம் இதுதான். புரோகிராமில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, பட்ட கட்டத்தின் நாலு பக்கங்களையும் அதில் சேர்க்க வேண்டும். பட்டியல் காலியாக இல்லாதவரை அடுத்த அடியை அதிலிருந்து எடுக்க வேண்டும்.

ஓரக் கட்டங்கள்தான் தொந்தரவு. மேலே நிரையே இல்லை, இடப்பக்கம் நிரலே இல்லை என்று நாலு நிபந்தனை எழுத வேண்டிவரும். அதற்குப் பதில் கடலைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஒரு கட்ட வரப்பை ஏற்கெனவே சுட்டதாகக் குறித்துவிடுங்கள். பிறகு எந்தக் கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டம் என்பது ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், பன்னிரண்டு கூட்டல், பன்னிரண்டு கழித்தல். நிபந்தனையே வேண்டாம். வயலுக்கு வரப்பு மாதிரி இதுவும். தண்ணீர் வெளியே போகாது.

ஒரு கப்பல் முழுகியதும் பட்டியலைத் துடைத்துவிடலாமா? விதிப்படி கப்பல்கள் ஒட்டி நிற்கலாம் என்பதால் துடைக்காதீர்கள். குரூசரைத் துரத்தும்போது பட்டது அதை ஒட்டி நின்ற நீர்மூழ்கியாக இருக்கலாம். துடைத்தால் அந்தத் தடயம் போய்விடும். ஒட்டக் கூடாது என்ற விதியில் ஆடுகிறவர்கள் தாராளமாகத் துடைக்கலாம்.

இந்தச் சுடுநரின் சராசரி அறுபதுகளில் வரும். முட்டாளைவிட முப்பது அடி மிச்சம். தேடும்போது சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களில் மட்டும் சுடுவது என்று வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். மிகச் சிறிய படகுக்கே இரண்டு கட்டம் வேண்டும், ஆகவே அது கறுப்பு ஒன்றைத் தொட்டே தீரும். ஐம்பது கட்டத்தில் தேடினால் போதும். படகு முழுகிவிட்டால் மூன்றில் ஒரு கட்டம் போதும், 33 கட்டம். ஆனாலும் நான் எதிர்பார்த்த அளவுக்கு எண்ணிக்கை விழவில்லை. ஆட்டத்தின் பெரும்பகுதி தேடுவதில் அல்ல, பட்ட பிறகு தடவுவதில் வீணாகிறது.

எண்ணிப் பார்த்துச் சுடுவது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வோர் அடிக்கும் முன், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கப்பலையும் வைக்கக்கூடிய எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கிறோம். ஒரு கட்டத்தின் மேல் எத்தனை விதமாகக் கப்பல் வந்து உட்கார முடியும் என்று எண்ணுகிறோம். எண்ணிக்கை அதிகமுள்ள கட்டத்தைச் சுடுகிறோம்.

இதை வளையம் போட்டு, அதாவது ஒவ்வோர் இடமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும்படி எழுதினால் ஆக்டேவ் நொண்டும். அணியாகச் செய்தால் பறக்கும். திறந்த என்ற அணியில், கப்பல் இருக்க இன்னமும் வாய்ப்புள்ள கட்டங்களில் 1. தண்ணீர் என்று தெரிந்தவையும் முழுகிய கப்பலின் கட்டங்களும் 0. கிடைக் கப்பலுக்கு:

பொருந்தும் = (கான்வ்2(திறந்த, ஒன்ஸ்(1, நீளம்), 'வேலிட்') == நீளம்)
எண்ணிக்கை += கான்வ்2(டபுள்(பொருந்தும்), ஒன்ஸ்(1, நீளம்))

முதல் வரி, கப்பலின் நீளமுள்ள சன்னல் ஒன்றைக் கடல்மீது நகர்த்தி, அதற்குள் தெரியும் ஒன்றுகளைக் கூட்டுகிறது. கூட்டல் நீளத்துக்குச் சமமானால் அங்கே கப்பல் பொருந்தும். இரண்டாவது வரி, பொருந்திய ஒவ்வோர் இடத்திலிருந்தும் கப்பலை மறுபடி விரித்துப் போடுகிறது. இரண்டாவதில் 'வேலிட்' போடக் கூடாது. போடாதபோதுதான் சுருங்கிய அணி மறுபடி பத்துக்குப் பத்தாக விரியும். டபுள் என்பது உண்மை, பொய் மதிப்புகளை எண்ணாக மாற்றுவதற்கு. நெடுக்குக் கப்பலுக்கு ஒன்ஸ்(நீளம், 1) என்று புரட்டிப் போடுங்கள். ஐந்து கப்பல், இரண்டு திசை, பத்துச் சுற்று. முடிந்தது.

வெறுங்கடலில் இதை ஓட்டிப் பாருங்கள். மூலைக் கட்டத்தில் 10 வரும்: ஒவ்வொரு கப்பலும் அங்கே கிடையாக ஒரு விதம், நெடுக்காக ஒரு விதம். நடுவில் உள்ள நாலு கட்டத்திலும் 34. இந்த இரண்டு எண்ணும் வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

முதல் அடி 'உ 5' என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர். இப்போது மறுபடி எண்ணினால், அதை ஒட்டிய 'உ 6' 34-லிருந்து 22-க்கு விழுகிறது. ஆனால் மூலைவாட்டில் இருக்கும் 'ஊ 6' அசையவில்லை. அதன் நிரையிலும் நிரலிலும் 'உ 5' இல்லை. ஆக அடுத்த அடி 'ஊ 6'. அதுவும் தண்ணீர் என்றால் நடுவே மாட்டிக்கொண்ட 'உ 6' வெறும் 10. மூலைக்குச் சமம்! சதுரங்கப் பலகை என்று நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணிக்கை அதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்த 10 திரையில் வந்தபோது சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, எழுந்து போகவில்லை.

பட்ட பிறகு என்ன செய்வது? பட்டும் முழுகாத கட்டங்களை இன்னோர் அணியில் வைத்து, அதன்மேலும் அதே சன்னலை நகர்த்துங்கள். ஓர் இடத்தில் வைக்கும் கப்பலுக்குள் இப்படிப்பட்ட கட்டம் எத்தனை விழுகிறது என்று தெரியும். ஒன்றும் இல்லையென்றால் எடை 1, ஒன்று என்றால் 10, இரண்டு என்றால் 100 என்று வைத்தேன். பத்து என்பது என் கைப்பக்குவம். அடுத்தடுத்து இரண்டு பட்டிருந்தால் அதே கோட்டில் நீள வேண்டும் என்பதை இந்த எடையே பார்த்துக்கொள்கிறது. கப்பல் முழுகும்போது அதன் எல்லாக் கட்டங்களையும் என் புரோகிராம் காட்டிவிடுகிறது. காகிதத்தில் ஆடும்போது சில நேரம் இதில் சந்தேகம் வரும், ஆகவே இது சுடுநருக்குச் சின்னச் சலுகை. தெரிந்தேதான் கொடுத்தேன்.

இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே சுட்ட கட்டங்களின் எண்ணிக்கையைக் கடைசியில் பூஜ்யமாக்க மறந்தால், பட்ட கட்டத்தையே திரும்பத் திரும்பச் சுட்டு ஆட்டம் முடியவே முடியாது. அடுத்தது நுணுக்கமானது: மேக்ஸ் கட்டளை, சமமான பெரிய எண் பல இருந்தால் முதலாவதை மட்டும் தரும். நாலு 34-ல் எப்போதும் 'உ 5'. எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி தொடங்கும், மேல் இடது பக்கம் சாயும். பெரிய எண்ணுக்குச் சமமான எல்லாக் கட்டங்களையும் ஃபைண்ட் கொண்டு எடுத்து, அவற்றுக்குள் ஒன்றைக் குலுக்குங்கள்.

இது கப்பல்களைத் தனித்தனியாக எண்ணிக் கூட்டுகிறது. ஒன்றோடொன்று மோதுமா என்று பார்ப்பதில்லை. முழுச் சரியான கணக்கு வேண்டுமென்றால் அந்த 3,009 கோடி அமைப்பையும் புரட்ட வேண்டும். தேவையில்லை. இந்த அரைகுறைக் கணக்கே சராசரியை நாற்பதுகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆட்டம் ஒன்றுக்கு நேரம் பிடிக்கும். முதலில் நூறு ஆட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியென்றால் ஆயிரத்தைக் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போங்கள்.

அவன் குலுக்கவில்லை

மறுநாள் எண்ணிக்கை அணியை ஒரு தாளில் எழுதி மடியில் மறைத்துக்கொண்டு ஆடினேன். மூன்று ஆட்டம். மூன்றிலும் தோற்றேன்.

நோட்டைப் புரட்டி அவனுடைய பழைய கடல்களைப் பார்த்தேன். எல்லாக் கப்பலும் ஓரத்தில்! கரையோரம் கட்டிவைத்த கட்டுமரங்கள் மாதிரி. என் எண்ணிக்கையோ கப்பல்கள் குலுக்கி வைக்கப்பட்டவை என்று நம்பி நடுக்கடலில் சுட்டுக்கொண்டிருந்தது. 34-ஐப் பார்த்துச் சுடுகிறவளிடமிருந்து தப்ப 10 இருக்கும் இடத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது, அணியும் கான்வ்2-வும் இல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதையும் புரோகிராமில் போடலாம். கப்பல் வைக்கும்போது ஓர வழிகளை மட்டும் குலுக்குங்கள்: விமானந்தாங்கிக்கு 24 வழி, போர்க்கப்பலுக்கு 28, மூன்று கட்டக் கப்பல்களுக்குத் தலா 32, படகுக்கு 36. தூக்கிப் போடும் தடவைகள் கூடும், பரவாயில்லை. எண்ணிப் பார்த்துச் சுடுகிறவரை இந்தக் கடலில் விட்டால் அவருடைய சராசரி ஏறுகிறது. ஆனால் ஓரக் கட்டங்கள் மொத்தம் 36 தான். அவன் பழக்கம் தெரிந்த ஒருவர் அந்த 36-ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் என்ன ஆகும்? அதே முட்டாள் சூத்திரம்: 17 பெருக்கல் 37, வகுத்தல் 18. சராசரி 34.94. என் கான்வ்2 குலுக்கி வைத்த கடலையே நாற்பதுகளில்தான் முடிக்கிறது. இந்த ஓரக் கடலைக் கலைத்துப்போட்ட சீட்டு முப்பத்தைந்தில் முடித்துவிடும்.

ஆளைத் தெரிந்து ஆட வேண்டுமானால் எண்ணிக்கையை அப்படியே கூட்டாமல், பொருந்தும் அணியை ஒரு எடை அணியால் பெருக்கிவிட்டு விரியுங்கள். ஓரத்தில் படுக்கும் இடங்களுக்கு எடை 3, மற்றவற்றுக்கு 1 என்று நான் தொடங்கினேன். எதிராளியின் பழைய ஆட்டங்களை எண்ணி எடையைத் திருத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் நோட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் முன் கடைசி நாளில் ஓரத்தை வரிசையாகச் சுட்டேன். நாலு கப்பல் மளமளவென்று முழுகின. படகை மட்டும் காணவில்லை. முப்பத்தாறு ஓரக் கட்டமும் தீர்ந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். படகு 'ஏ 4'-லும் 'ஏ 5'-லும் நின்றிருந்தது.